வெயில் தாழ்ந்த பிறகு வா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஓரகத்தி ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே வரச் சொன்னேன். "இல்லைங்க டீச்சர், கொத்தனாரு வந்துருவாரு. அங்கிட்டு யாருமில்ல" என்று வாசலிலேயே பெட்டியை இறக்கிவைத்தாள். "அக்கா வீட்டுக் காத்தாடிங்க. அக்கா மவன் சிங்கப்பூர்லேருந்து சொல்லிட்டான், ஓட்டப் பிரிச்சுட்டு கான்கிரீட் தார்சு போடச் சொல்லி. இனிமே இது எதுக்கு அங்க?" என்றாள். ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தவே இல்லை. அவள் ஏறிப் போய்விட்டாள்.

பெட்டியை வெயில் விழுகிற இடத்துக்கு இழுத்துவந்து மூடியைப் பிரித்தேன். மேலே உன் பழைய நூல் சேலை ஒன்று மடித்து அமுக்கப்பட்டிருந்தது, சாமான் அசையாமல் இருக்க. சேலையை உருவியதும் அடியில் ஏதோ கரகரவென்று ஓடியது. எலி என்று கையை இழுத்துக்கொண்டேன். எலி இல்லை. சேலைக்கு அடியில் சோலார் பேனல் இருந்தது. கழற்றிய ஆள் ஒயரைத் துண்டிக்காமல் அப்படியே சுருட்டி வைத்திருக்கிறான். பேனலில் வெயில் பட்டதும், பெட்டிக்குள் மல்லாந்து கிடந்த காற்றாடி சுற்றத் தொடங்கிவிட்டது. ஓட்டுத் தூசியும், அணில் கூட்டு நாரும், பெட்டியில் நாள்பட்டுக் கிடந்த துணியின் வாடையும் சேர்ந்து என் முகத்தில் அடித்தன.

சேலையைத் திரும்பப் பேனல் மேல் போட்டேன். நின்றது. எடுத்தேன். சுற்றியது. மறுபடியும் போட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "எத்தன தடவ செஞ்சா நம்புவே?" என்று கேட்டிருப்பாய்.

உன்னை நம்புவதற்கு நான் எதையும் செய்து பார்த்ததில்லை என்பதுதான் இப்போது என் வருத்தம்.

நாம் இரண்டு பேரும் எதையும் சட்டென்று நம்புகிறவர்கள் இல்லை. திருச்சி விடுதி அறையில் நம் கட்டில்களுக்கு நடுவே உன் தகரப்பெட்டி கிடக்கும். நீ இயற்பியல், நான் புள்ளியியல். மெஸ்ஸில் சாம்பார் நீர்த்துப்போனது எதனால் என்பதிலிருந்து எனக்கு வந்த மாப்பிள்ளை வரைக்கும் அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். சண்டைக்கு விதி வைத்தது நீதான். "தெரிஞ்சத எல்லாம் மொதல்ல சொல்லிரு. அப்பறம் சண்ட போடு. ஒண்ண மறைச்சாலும் தோத்தாச்சு." மாப்பிள்ளை விஷயத்தில் நீ ஒரு முறை தோற்றாய். அவரை உறவுக் கல்யாணம் ஒன்றில் முன்பே பார்த்திருந்தாய்; அவர் சாப்பாட்டுப் பந்தியில் யாரையோ கை நீட்டி அடித்ததையும் பார்த்திருந்தாய். என் மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல், வேறு வேறு காரணங்களாக அடுக்கிக்கொண்டே போனாய். விஷயம் வெளியே வந்ததும் நீயே தோல்வியை ஒப்புக்கொண்டு, அபராதமாக என் துணிகளை எல்லாம் வாங்கித் துவைத்துப் போட்டாய். "இனிமே ஒங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்டி, துவைக்க முடியல" என்றாய். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அதன் பிறகு வேறு எந்தக் கல்யாணமும் எனக்கு நடக்கவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

இத்தனை வருஷமும் அந்த விதி நம்மோடு இருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கல்யாணமாகித் திருக்கோகர்ணத்துக்கு வந்தாய், பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். நானும் இதே ஊரில் கல்லூரிக்கு வந்துசேர்ந்தேன். உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு, கல்லூரி விட்டதும் டவுன் பஸ் பிடித்து நேரே உன் வீட்டுக்கு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உன் ஹாலில் காப்பியும் சண்டையும் எப்போதும் தயாராக இருக்கும்.

அந்த ஹாலின் மேல்தான் உன் மகன் ஃபால்ஸ் சீலிங் போட்டான். லீவில் வந்தவன், ஓட்டிலிருந்து தூசி விழுகிறது, பல்லி விழுகிறது என்று, ஓட்டுக்குக் கீழே வீடு முழுக்க வெள்ளைப் பலகையால் மூடிவிட்டுப் போனான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வெயிலில் தெரிந்தது சங்கதி. அதுவரை அறையின் சூடு மேலே ஏறி ஓட்டிடுக்கு வழியாகத் தானே வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு இருட்டு அறை உண்டாகி, பகல் முழுக்க அதில் சூடு தேங்கியது. மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டையே தலையில் கொட்டியது. "எம்மவன் என்னைய இட்லிப் பானைக்குள்ள வச்சு மூடிட்டுப் போயிட்டான்டி" என்றாய். பக்கத்து வீட்டிலிருந்து உன் ஓரகத்தி, "வெந்துருச்சான்னு அப்பப்ப வந்து குத்திப் பாக்குறேன்க்கா" என்று குரல் கொடுத்தாள்.

அப்படியே இரண்டு கோடைகளைத் தள்ளினாய். போன வருஷம் மாசியில்தான் திடீரென்று, "சோலார் ஃபேன் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். கூட வா, பாப்போம்" என்றாய். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் தேங்கும் சூட்டை வெளியே தள்ளுகிற காற்றாடி. வெயில் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். கரண்டு செலவு கிடையாது.

கடையில் நடந்தது உனக்கும் ஞாபகம் இருந்திருக்கும். கடைக்காரத் தம்பி எடுத்த எடுப்பில், "இத மாட்டுனா ஏசியே வேணாம் மேடம்" என்றார்.

"எத்தனை டிகிரி குறையும்?" என்று கேட்டேன்.

"நல்லாக் கொறையும் மேடம்."

"நல்லான்னா?"

"அது வீட்டப் பொறுத்து மேடம்."

"இவ்வளவு காற்றைத் தள்ளும்னு போட்டிருக்கே, யார் அளந்தது?"

"அட்டைலயே போட்டுருக்கு மேடம்."

நீ ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "தம்பி, இவ காலேஜுல புள்ளைகளப் பெயிலாக்குறவ. பாத்துப் பேசுங்க" என்றாய். அன்றைக்கு நீ கடைக்குள் நுழைந்ததும் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தாய். அதை நான் பார்த்தேன். வெயிலில் வந்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு விதம் இருந்தன. ஒன்று, ஓட்டைப் பிரித்துக் கூரையின் நடுவில் வைப்பது. பேனல் அதன் தலையிலேயே இருக்கும். அது வேண்டாம் என்றேன், ஐப்பசி மழையில் ஒழுகும். மற்றது, கூரை முடிகிற முக்கோணச் சுவரில் வைப்பது. பேனல் தனியாக, ஒயரோடு. அதுதான் சரி. பேனல் மேற்குச் சரிவில் இருக்க வேண்டும், ஏனென்றால் உன் வீடு வேகிறது பிற்பகலில்; கிழக்கே தென்னை நிழல் வேறு விழுகிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், உள்ளே காற்று வர வழி. சுவர் கூரையைத் தொடுகிற இடத்தில், நிழலான வடக்குப் பக்கம், வரிசையாகத் துவாரம் போட்டு, அணிலும் மரநாயும் நுழையாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும். உள்ளே வர வழியில்லாமல் வெளியே தள்ளச் சொன்னால் எந்தக் காற்றாடியும் சும்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு சீலிங் பலகையைத் தூக்கி, ஊதுபத்தியை உள்ளே நீட்டிப் பார்த்தோம். புகை எந்தப் பக்கமும் நகராமல் அப்படியே நின்றது. நான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

பிறகு என் தீர்ப்பைச் சொன்னேன். முதலில் துவாரம் போடு, வலை அடி. ஓட்டின் மேல் வெள்ளை அடி. இதெல்லாம் செய்துவிட்டு ஒரு கோடை முழுக்கப் பார். போதவில்லை என்றால் அடுத்த வருஷம் காற்றாடி வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

"ஒரு வெயிலு பாத்துட்டுத்தான் வாங்கணுமா?" என்று கேட்டாய்.

"என்ன அவசரம் உனக்கு? இரண்டு வெயில் தாங்கினவளுக்கு இன்னொரு வெயில் தாங்காதா? அஞ்சு வருஷம் கேரண்டிங்கறான். அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கடை இருக்குமான்னு முதல்ல யோசி."

"அஞ்சு வருஷம்" என்று நீயும் சொன்னாய். கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்தாய். "சரிடி. நீ சொன்னா சரிதான். அடுத்த வெயிலுக்குப் பாத்துக்குவோம்."

நீ அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. என் வாதம் அவ்வளவு பலமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பங்குனி பிறந்ததும், "பகல்ல வராதடி. இந்த வெக்கையில வந்து நீயும் எதுக்கு வேகணும்? வெயில் தாழ்ந்த பிறகு வா" என்று சொல்லிவிட்டாய். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. கல்லூரி விட்டதும் வீட்டுக்குப் போய்க் காத்திருந்து, பொழுது சாய்கிற நேரத்தில் கிளம்பி வந்தேன். நீ ஹாலுக்குள் கூப்பிடவில்லை. வாசலில் செம்பருத்திச் செடியை ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பாய். உன் ஓரகத்தி காப்பி கொண்டுவந்து கொடுப்பாள். துவாரம் போட்டாயா என்று கேட்டேன். போட்டாயிற்று என்றாய். குறைந்திருக்கிறதா? "கொஞ்சம் பரவால்ல." அந்தக் கொஞ்சத்தை விளக்கச் சொல்லி நான் சண்டை பிடித்தேன்.

ஒருநாள் கல்லூரியில் மதியமே விட்டுவிட்டார்கள். சொல்லாமல் வந்தேன். கேட்டிலேயே உன் ஓரகத்தி மறித்துக்கொண்டாள். "அக்கா இப்பத்தாங்க அசந்தாங்க. கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன் டீச்சர், செத்த நேரம்." எனக்குக் கோயில் பழக்கமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போனேன். மண்டபத்தில் தூணோரம் உட்கார்ந்து, வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி கும்பிட வந்த என் மாணவி ஒருத்தி என்னைப் பார்த்து, "மேடம், நீங்களா?" என்றாள். உன்னிடம் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பால்தான் பிடித்துக்கொண்டாய் என்று நினைத்தேன்.

நீ மெலிந்துகொண்டே வந்தாய். கேட்டேன். "தைராய்டு மாத்திர மாத்திருக்காங்க." ரிப்போர்ட்டைக் காட்டு என்றேன். "எதுக்கு, மார்க் போடவா?" என்றாய். அதற்கு மேல் ஒருவரைத் துருவிக் கேட்பது என் சுபாவம் இல்லை. உனக்கு அது நன்றாகத் தெரியும். நீ கட்டிய மதிலுக்கு என் சுபாவமே செங்கல் ஆனது.

ஆவணியில் ஒருநாள் காலை உன் ஓரகத்தி போன் செய்தாள். "அக்கா போயிட்டாங்கங்க."

"எங்கே?" என்று கேட்டேன்.

ஹாலின் நடுவில் உன்னை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெண்களோடு நானும் சுவரோரம் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஒரு மெல்லிய ரீங்காரம். பெட்டியின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே மேகம் மூடி வாசல் மங்கியது. சத்தம் தேய்ந்து அடங்கியது. வெயில் திரும்பியதும் சத்தமும் திரும்பியது. ஃப்ரீசர் பெட்டி வெயிலைப் பார்த்து ஓடாது. நான் சீலிங்கை நிமிர்ந்து பார்த்தேன். சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் மேலே பார்த்துக்கொண்டு, அடுத்த மேகம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. மறுபடியும் நின்றது.

எழுந்து வீட்டின் பின்பக்கம் போனேன். முக்கோணச் சுவரில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பேனல் மேற்குச் சரிவில். வடக்கே கம்பிவலை போட்ட துவாரங்கள், நான் படத்தில் வரைந்த அதே இடைவெளியில். நான் சொன்னது எல்லாம் இருந்தது. பொறுத்திரு என்று சொன்னதைத் தவிர.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் கடைக்காரத் தம்பி வந்தார். மாலையோடு வந்திருந்தார். "ஒங்க படத்தத்தான் மேடம் அம்மா குடுத்தாங்க. பங்குனி மொத வாரமே மாட்டிட்டோம். 'எனக்கு இந்த ஒரு வெயிலுதான் தம்பி, நாள் கடத்தாம வந்து மாட்டு'ன்னாங்க. கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒங்களுக்குத் தெரியாததா" என்றார்.

"தெரியும்" என்றேன்.

நம் விதியை நான் மீறியது அந்த ஒரு முறைதான். அதுவும் உன் மானத்துக்காகவா என் மானத்துக்காகவா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

உன் ஓரகத்தியிடம் பிறகு கேட்டேன். டாக்டர் தை மாதமே சொல்லிவிட்டாராம். எனக்குத் தேர்வு வேலை இருந்த நாட்களாகப் பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய் வந்திருக்கிறாய். மாசியில் கடையில் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தபோது உனக்கு எல்லாம் தெரியும். ஒரு வெயில் பார் என்று நான் அடித்துப் பேசியபோது தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லிர்றேன்னுதாங்க சொன்னேன். அக்காதான் விடல. 'அவகிட்ட மட்டும் சொல்லிராத. சொன்ன நிமிசமே கணக்குப் போட ஆரம்பிச்சிருவா. நூத்துல எத்தன பேரு பொழைக்கிறாங்கன்னு டாக்டர உலுக்கிருவா. எல்லாரும் என்னையப் பாத்து மொகத்தத் தொங்கப்போடுறீங்க. அவ ஒருத்தியாச்சும் சாயங்காலம் வந்து எப்பயும் போல எங்கிட்டச் சண்ட போடட்டும்'னாங்க. காத்தாடி ஓடுற சத்தம் கேட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னுதான் பகல்ல வரவேணாம்னாங்க."

இதைக் கேட்டு நான் உருகிப்போவேன் என்று அவள் நினைத்திருக்கலாம். கேட்ட எல்லோரும் உருகினார்கள். எனக்கு அது முடியவில்லை.

எப்போதும் போல என்று சொன்னாயாமே. எப்போதும் நாம் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத்தானே சண்டை போட்டோம்? அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சண்டை போட்டது நான் ஒருத்திதான். நீ எதிரே உட்கார்ந்து, நான் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. காப்பி கொண்டுவந்தவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாசலில் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் நான் மட்டும்தான். என் படம் உனக்கு வேண்டியிருந்தது, நான் வேண்டியிருக்கவில்லை.

கணக்குப் போட்டிருப்பேன், உண்மைதான். அது என் தொழில். நூற்றில் எத்தனை என்று கேட்டிருப்பேன், அந்த எண்ணை யார் அளந்தது என்றும் கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு வந்து உன் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பேன். முதல் பாதியைச் சரியாகச் சொன்ன நீ, இரண்டாவது பாதியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னிடம் அந்த இரண்டாவது பாதி இருக்கிறது என்று உனக்குத் தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் வேண்டாம் என்று விட்டாயா? இதைத்தான் உன்னிடம் கேட்க முடியாமல் இருக்கிறேன்.

அந்தக் கோடையில் பிற்பகல் தோறும் நீ நன்றாகத் தூங்கினாயாம். காற்றாடிச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்பாயாம். கேட்டு எனக்கு நிம்மதிதான். ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு நீ என் முன்னால் வைத்த விவரங்களுக்கு என் பதில் சரி. இப்போதும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

பெட்டி வந்த மறுநாள் உன் ஓரகத்திக்குப் போன் செய்தேன். "என்கிட்ட குடுக்கச் சொன்னாளா?" என்று கேட்டேன். அவள் பொய் சொல்லியிருக்கலாம். நல்ல மனசு உள்ளவள், எனக்காகச் சொல்லிவிடுவாளோ என்று பயமாகக்கூட இருந்தது. "அப்பிடி ஒண்ணும் சொல்லலைங்க. பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரல, அதான்" என்றாள். அவளுக்கு நன்றி சொன்னேன்.

என் வீடு தார்சு வீடு. காற்றாடி வைக்க ஓடும் கிடையாது, சீலிங்கும் கிடையாது. யோசித்துப் பார்த்தேன். வீட்டுச் சூடு எல்லாம் மாடிப்படி வழியாக ஏறி, மொட்டைமாடிக் கதவுக்கு மேலே போய் நிற்கிறது. அந்த இடத்தின் மேற்குச் சுவரில் துளை போட்டு அதை மாட்டச் சொன்னேன். அதே கடைக்காரத் தம்பிதான் வந்தார். கடை இன்னும் இருக்கிறது. கீழே வடக்கு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, படிக்கட்டில் நின்று ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை ஒரு நிமிஷம் தயங்கியது, பிறகு சாய்ந்து மேலே ஏறிப் போனது. சூடு எவ்வளவு குறைகிறது என்று இன்னும் அளக்கவில்லை. ஒரு வெயில் பார்க்க வேண்டும்.

பகலில் நான் கல்லூரியில் இருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். காப்பி போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்த உட்கார்வேன். வெயில் இறங்க இறங்கச் சத்தம் மெலியும். இறக்கைகள் தனித்தனியாகத் தெரியும். பிறகு நின்றுவிடும். நீ என்னை வரச் சொன்ன நேரம் அது. எழுந்து, வீட்டைப் பூட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் நிற்கிறேன். அதுவரை, இன்றைக்கு உன்னிடம் எதை வைத்துச் சண்டை ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.